கையடக்க டெய்சி பிளேயர்: வாசிப்புக்கு முழு மதிப்பெண், பேக்கப்புக்குப் பாதிதான்

பார்வையற்றவர்களுக்கான வாசிப்புக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குரல் எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், கனம் எவ்வளவு என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் கருவியைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே தெரிந்துவிடும். அது திடீரென்று பேசாமல் போனால் என்ன செய்வது, உள்ளே சேர்த்து வைத்த புத்தகங்களும் நாமே பதிவு செய்த குறிப்புகளும் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த வகைக் கருவியைப் பல ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்துகிறவன், தெரிந்தவர்களுடைய கருவிகளையும் அவ்வப்போது சரிபார்த்துக் கொடுக்கிறவன் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நான் சொல்வது திரையே இல்லாமல், தொலைபேசியில் இருப்பதுபோல எண் பொத்தான்கள் வைத்து, மெமரி கார்டு போட்டுக் கேட்கும் டெய்சி பிளேயர்களை. டெய்சி என்பது தலைப்பு, பக்கம் வாரியாகத் தாவிக் கேட்கும்படி அமைத்த பேசும் புத்தக வடிவம். கனடாவின் ஹ்யூமன்வேர் 2007-இல் கொண்டுவந்த விக்டர் ரீடர் ஸ்ட்ரீம், ஜப்பானின் ஷினானோ கென்ஷி செய்த பிளெக்ஸ்டாக் பாக்கெட் எல்லாம் இந்த வகைதான். ஸ்ட்ரீமில் 2013-இல் இரண்டாம் தலைமுறையும் 2023-இல் மூன்றாம் தலைமுறையும் வந்துவிட்டன. வேறு நிறுவனங்களும் இதே வடிவத்தில் செய்கின்றன, என் கையில் இருப்பதும் இந்த வகையில் ஒன்று. மாடலைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் பேசப்போகும் சிக்கல்கள் எந்த ஒரு கருவிக்கும் தனிச் சொத்து இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பதற்கு இதற்கு இணையாக ஸ்மார்ட்போன் இன்னும் வரவில்லை என்பதுதான் என் அழுத்தமான எண்ணம். போனில் படித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வரும், ஏதோ ஒரு செயலியின் அறிவிப்பு நடுவில் புகுந்து பேசும், விரல் கொஞ்சம் நழுவினால் வேறு எங்கேயோ போய் நிற்கும். இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பொத்தானுக்கு உரிய வேலை மட்டும்தான் நடக்கும். 5-ஆம் எண்ணில் சின்னதாக ஒரு புள்ளி புடைத்திருக்கும். கட்டைவிரலை அதில் வைத்துவிட்டால் மற்ற எல்லாப் பொத்தானும் தேடாமலே கைக்கு வரும். தூங்கப்போகும்போது டைமர் வைத்துவிட்டுப் படுக்கலாம், காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

இதற்கெல்லாம் மேலாக டெய்சி வடிவம் இருக்கிறது. ஒலிநாடா காலத்தில் ஒரு பாடப்புத்தகத்தின் 140-ஆம் பக்கம் வேண்டுமென்றால் நாடாவை ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்டியே தேட வேண்டும். பேசும் புத்தக நூலகங்கள் ஒன்றுசேர்ந்து 1996-இல் டெய்சி கூட்டமைப்பைத் தொடங்கியதற்கு இந்த அவதிதான் பெரிய காரணம். 2001-இல் வந்த 2.02 பதிப்பிலேயே தலைப்புகளை ஆறு நிலைகள் வரை அடுக்கலாம், பக்க எண்ணைத் தட்டி நேராக அங்கே போகலாம். பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்குப் பக்க எண்ணைத் தட்டியதும் அந்தப் பக்கம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நிலையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

ஆக, ஓடுகிற வரைக்கும் குறையே சொல்ல முடியாது. பழுது என்று வந்தால்தான் கருவியின் போதாமை தெரிகிறது. கணினி மக்கர் பண்ணினால் திரையில் ஏதாவது ஒரு செய்தி வரும், பக்கத்தில் இருப்பவரையாவது படித்துச் சொல்லச் சொல்லலாம். திரையே இல்லாத கருவிக்குக் குரல் ஒன்றுதான் வழி, அதுவும் நின்றுவிட்டால் சார்ஜ் தீர்ந்ததா, மென்பொருள் உறைந்துவிட்டதா, ஒலியளவு அடியில் கிடக்கிறதா, ஹெட்போன் துளையில் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று எதுவுமே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி மௌனமாகத்தான் இருக்கும். குறைந்த சார்ஜுக்கு ஒரு பீப், கார்டு படிக்கவில்லை என்றால் வேறொரு பீப், உறைந்தால் ஓர் அதிர்வு என்று வைப்பது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. சில கருவிகளில் கொஞ்சம் இருக்கிறது, பலவற்றில் இல்லை. பார்வையற்றவருக்கு என்றே செய்யும் கருவியில் இது விட்டுப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பேசவில்லை என்றால் நான் என்ன வரிசையில் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் ஹெட்போனை உருவிவிட்டு ஒலிபெருக்கியில் கேட்கிறதா என்று பார்ப்பேன், சட்டைப்பையில் கிடந்த கருவியின் துளையில் நூல்தூசி சேர்ந்து, ஹெட்போன் செருகியிருப்பதாகவே கருவி நினைத்துக்கொள்வது உண்டு. அடுத்தது பொத்தான் பூட்டு. பையில் தற்செயலாக அழுந்தாமல் இருக்க ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்தோ அடுத்தடுத்தோ அழுத்திப் பூட்டும் வசதி பலவற்றில் உண்டு, அது தானாகவே விழுந்துவிட்டால் கருவி எதற்கும் அசையாது. திறக்கும் முறையைக் கையேட்டில் பார்த்து மனப்பாடமாக வைத்திருங்கள். அப்புறம் சார்ஜர். வேறு எதையாவது சார்ஜ் செய்துகொண்டிருக்கிற, வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த சார்ஜரிலும் கேபிளிலும் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு பின்பக்கத்தைத் தொட்டால் இலேசாகக் கதகதப்பாக இருக்கும், மின்சாரம் உள்ளே போகிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் பல நேரம் அதுதான். அதற்கும் மசியவில்லை என்றால் பவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து ரீசெட் செய்வது, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்து மறுபடி போடுவது.

இவ்வளவும் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள்: கார்டை வெளியே எடுத்துவிட்டு இயக்கிப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி ஒருநாள் இரவு போன் செய்து, "அண்ணா, மெஷின் செத்துப்போச்சு, அடுத்த வாரம் பரீட்சை" என்றான். குரலே உடைந்திருந்தது. "கார்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் போனிலேயே அந்தக் கருவியின் வரவேற்புக் குரல் எனக்குக் கேட்டது. பழுது கருவியில் இல்லை, கார்டில் இருந்தது. கெட்டுப்போன கோப்பு அமைப்பு உள்ள கார்டைப் படிக்க முயன்று முயன்று கருவி தொடக்கத்திலேயே திணறி நின்றுவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் கருவியே போய்விட்டதுபோல இருக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சர்வீசுக்கு அனுப்பி வாரக்கணக்கில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளின் பாதிக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது. முழு அளவு எஸ்டி கார்டைக் கையில் எடுங்கள். ஒரு முகம் வழவழப்பாக, ஒட்டுத்தாளோடு இருக்கும். மறுமுகத்தில் ஒரு விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னப் பள்ளங்களாக உலோகத் தொடுமுனைகள் விரலுக்குத் தட்டுப்படும். ஒட்டுத்தாள் முகம் மேலேயும் தொடுமுனை விளிம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கும்படி பிடித்தால், வலப்பக்க மூலை சரிவாக வெட்டப்பட்டிருக்கும், இடப்பக்க விளிம்பில் நகத்தால் மட்டுமே நகர்த்தக்கூடிய ஒரு குட்டி நெம்பு இருக்கும். அதுதான் எழுதாமல் தடுக்கும் பூட்டு. தொடுமுனைப் பக்கம் தள்ளினால் திறப்பு, உங்கள் பக்கம் இழுத்தால் பூட்டு. கார்டைச் செருகும்போது இது உரசிக் கீழே இறங்கிவிடுவது சகஜம், பழைய கார்டுகளில் தளர்ந்துபோய்த் தானாகவே ஆடும். பூட்டியிருந்தால் புத்தகம் ஓடும், ஆனால் புதிதாகப் பதிவு செய்ய முடியாது, எதையும் அழிக்க முடியாது, சில கருவிகள் தமக்கு வேண்டிய ஃபோல்டர்களை உருவாக்க முடியாமல் கார்டையே ஏற்க மறுக்கும். இந்த நெம்புக்கும் கார்டின் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கருவிதான் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதனால் நெம்பு உடைந்து விழுந்த கார்டில் அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒட்டினால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் டேப் உரிந்து கருவிக்குள் சிக்கினால் பெரிய தொல்லை, அதனால் உள்ளே இருப்பதை நகல் எடுக்கும் வரை மட்டும் அப்படிப் பயன்படுத்திவிட்டுக் கார்டை மாற்றிவிடுங்கள்.

கொள்ளளவு இன்னொரு பொறி. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் வரும், அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய பிளேயர்களுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, அதனால் கணினியில் நன்றாகத் திறக்கும் 64 ஜிபி கார்டு பிளேயரில் போட்டால் "கார்டில் பிழை" என்றோ ஒன்றுமே சொல்லாமலோ நிற்கும். உண்மையில் அவ்வளவு பெரிய கார்டு தேவையும் இல்லை. பேச்சுக்குப் போதுமான 32 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் ஒரு மணி நேர வாசிப்புக்கு 14.4 எம்பிதான் ஆகிறது, ஒரு 32 ஜிபி கார்டில் 2,000 மணி நேரத்துக்கு மேல் அடங்கிவிடும். இரண்டு மடங்கு தரத்தில் வைத்தாலும் 1,000 மணி நேரம். பெரிய கார்டு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே குவிப்பதைவிட, நல்ல நிறுவனத்தின் 32 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்குவதுதான் என் பரிந்துரை. போலிக் கார்டுகளும் உலவுகின்றன. வெளியே 64 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே எட்டோ பதினாறோதான் இருக்கும், அந்த அளவு தாண்டியதும் புதுப்புத்தகங்கள் எழுதப்பட்டதாகச் சொல்லிவிட்டு மாயமாகிவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கியதும் புத்தகம் ஏற்றுவதற்கு முன்னால் இதை ஓட்டிவிடுங்கள்.

கார்டு நன்றாக இருந்தும் ஒரு புத்தகம் மட்டும் கருவியின் புத்தகப் பட்டியலில் தென்படவில்லை என்றால் ஃபோல்டரைப் பாருங்கள். ஒரு டெய்சி 2.02 புத்தகம் என்பது ஒற்றைக் கோப்பு இல்லை. எம்பி3 கோப்புகள், ஒலியையும் தலைப்பையும் கோக்கும் ஸ்மில் கோப்புகள், இவை எல்லாவற்றுக்கும் பொருளடக்கமாக என்சிசி என்ற பெயரில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு என்று எல்லாம் சேர்ந்ததுதான் புத்தகம். அந்த என்சிசி கோப்பு விட்டுப்போனால் கருவிக்கு அது புத்தகமே இல்லை, வெறும் பாட்டுக் கோப்புகள். ஜிப்பைப் பிரிக்கும்போது புத்தகத்தின் பெயரிலேயே ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடும், கருவி முதல் ஃபோல்டரைத் திறந்து என்சிசி இல்லை என்று கைவிட்டுவிடும். உள்ளே இருப்பதை ஒரு படி மேலே கொண்டுவந்தால் சரியாகிவிடும். மேக் கணினியிலிருந்து நகல் எடுத்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் கார்டில் ஒட்டிக்கொள்ளும், பிளேயர் அவற்றையும் ஒலிக்கோப்பு என்று நினைத்து ஓட்டப்பார்த்துத் தடுக்கி நிற்கும். தயக்கமே வேண்டாம், அழித்துவிடலாம்.

தமிழ் உரைக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைப் போட்டால், கருவி அதை ஆங்கில எழுத்துகளாகவே பார்த்து ஏதேதோ உளறும், ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகள்தான், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. டிஸ்கி, டேம், டேப் என்று வந்த பழைய குறியீடுகளுக்கும் இதே கதிதான். யுனிகோடுக்கு மாற்றி யுடிஎஃப்-8 ஆகச் சேமித்த பிறகும் கருவியில் தமிழ்க் குரல் இருந்தால்தான் படிக்கும், இல்லையென்றால் தமிழ் எழுத்துகளைத் தாண்டிக்கொண்டு எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் சொல்லிக்கொண்டே போகும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன். தமிழ்க் குரல் இல்லாத கருவியில் நான் செய்வது, கணினியில் ஈஸ்பீக் என்ஜி போன்ற தமிழ் தெரிந்த ஒலிப்பானைக் கொண்டு உரையை ஒலிக்கோப்பாக மாற்றி ஏற்றுவது. ஃபோல்டர் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வைக்கிறேன், இல்லாவிட்டால் எந்தப் புத்தகத்தின் மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது.

இனி பேக்கப். முதலில் எது போனால் திரும்ப வராது என்று பிரித்துப் பாருங்கள். நூலகத்திலிருந்து இறக்கிய புத்தகங்கள் போனால் நேரம் போகும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம். யாராவது ஒருவர் நமக்காக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து கொடுத்தவை, வகுப்பில் நாம் பதிவு செய்த பாடங்கள், சொந்தக் குரல் குறிப்புகள், இவை போனால் போனதுதான். மூன்றாவதாக புக்மார்க்குகள். இவற்றைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு தடித்த சட்டப் புத்தகத்தில் தேவையான இடமெல்லாம் குறி வைத்து, சிலவற்றில் குரலில் ஒரு வரி சேர்த்து வைத்திருந்தால், அது பல மாத உழைப்பு.

என் கருவி மீது எனக்கு உண்மையான கோபம் இருப்பது இந்த இடத்தில்தான். பதிவு செய்த குறிப்புகள் கார்டில் ஒரு ஃபோல்டரில் போய் விழுகின்றன, அதை எளிதாக நகல் எடுக்கலாம். புக்மார்க்குகளோ கருவியின் உள் நினைவகத்தில் இருக்கின்றன, அவற்றை வெளியே எடுக்க மெனுவில் எந்த வழியும் இல்லை. தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால் எல்லாம் ஒரே அடியாகத் துடைத்துப்போகும், அதைப் பற்றி எச்சரிக்கும் வாக்கியமும் கையேட்டில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது. சர்வீசில் முதல் வேலையாக அதைத்தான் செய்வார்கள். கண் தெரிந்தவர் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டால், புத்தகத்தை பைண்டிங் செய்யக் கொடுத்தாலும் கோடு அப்படியே இருக்கும். நமக்கும் அந்த உரிமை வேண்டும். புக்மார்க்குகளைக் கார்டுக்கு ஏற்றுமதி செய்யும் வசதி உள்ள கருவி கிடைத்தால், மற்றவற்றில் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே வாங்குங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அந்த வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு முக்கியக் குறி வைக்கும்போதும் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் தனிக் குரல் குறிப்பாகப் பதிந்துவிடுங்கள், அது கார்டில் இருக்கும், பேக்கப்பிலும் சேர்ந்துவிடும்.

நகல் எடுக்கும் முறைக்கு வருவோம். கார்டை நேரடியாகக் கணினியில் போடுவது கேபிளைவிட நம்பகமானது, வேகமும் அதிகம். கேபிள்தான் வழி என்றால், சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. சார்ஜ் ஏறுகிறது ஆனால் கணினியில் டிரைவ் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கார்டின் ஃபோல்டர்களின் பெயரை மாற்றாமல், இடத்தை மாற்றாமல், கார்டை முழுவதுமாக அப்படியே கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் நகல் எடுங்கள். கருவி தனக்கென்று உருவாக்கிய ஃபோல்டர்களின் பெயர் ஏதோ குறியில் தொடங்கி விநோதமாக இருக்கும், அழகுபடுத்தப் போகாதீர்கள், கருவி அந்தப் பெயரைத்தான் தேடும். டெய்சி புத்தகங்களில் குட்டிக் கோப்புகள் ஏராளம் என்பதால் நேரம் எடுக்கும். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை ஓட்டுகிறவர்களுக்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை மிகவும் வசதி: அரைகுறையாக நின்றாலும் மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே போன கோப்புகளைத் தாண்டிவிட்டு மீதியை எடுக்கும், முடிவில் எத்தனை கோப்பு போயிற்று, எத்தனை தவறிற்று என்று எழுத்திலேயே கணக்குக் கொடுக்கும், அதைத் திரைவாசிப்பானில் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் இருக்கும் மிர் என்ற தேர்வைப் பேக்கப்புக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலிருந்தும் அழிக்கும். கார்டு பழுதாகிப் பாதி ஃபோல்டர் காணாமல் போன நாளில் அந்தக் கட்டளையை ஓட்டினால், நன்றாக இருந்த பேக்கப்பும் அதே அளவுக்குச் சுருங்கிவிடும்.

கணினியில் ஒரு நகல், இரண்டாவது கார்டில் ஒரு நகல், இந்த இரண்டும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அந்த இரண்டாவது கார்டைச் சும்மா டப்பாவில் வைத்துவிடாமல் அவ்வப்போது கருவியில் போட்டு ஒரு டெய்சி புத்தகத்தைத் திறந்து, பக்க எண் தட்டி, ஒரு குரல் குறிப்பையும் ஓட்டிப் பாருங்கள். ஓடிப்பார்க்காத நகலை நம்ப முடியாது. இரண்டு கார்டையும் தடவிப் பிரித்தறிய, ஒட்டுத்தாள் பக்கம் எதையும் ஒட்டாதீர்கள், தடிமன் கூடினால் செருகும் இடத்தில் மாட்டிக்கொள்ளும்; கார்டு உறையில் ஒரு பிரெயில் ஒட்டு போதும். பாதுகாப்புப் பூட்டு போட்ட புத்தகங்கள் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள், நூலகம் கொடுத்த சாவிக் கோப்போ அனுமதியோ அந்தக் கருவிக்கோ உங்கள் கணக்குக்கோ மட்டும் செல்லும். புத்தகத்தின் நகல் மட்டும் இருந்து, கருவி மாறினால், புதுக் கருவியை நூலகத்தில் பதிவு செய்யும்வரை ஓடாது.

பேக்கப் இல்லாமலே கார்டு கெட்டுப்போய்விட்டால்? கணினி "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும், என்டரைத் தட்டிவிடாதீர்கள். விண்டோஸின் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்க்கையும் எடுத்தவுடன் ஓட்ட வேண்டாம், அது கோப்பு அமைப்பைத்தான் சரிசெய்யப் பார்க்கும், உங்கள் பதிவுகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. துண்டு துண்டாக நறுக்கிப் பெயரில்லாத கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். முதலில் அந்தக் கார்டில் எதையும் எழுதாமல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். பெயர் படத்துக்கானது போலத் தெரிந்தாலும் ஒலிக்கோப்புகளையும் மீட்கும், இலவசம், கறுப்புத் திரையில் எழுத்தாகவே ஓடுவதால் திரைவாசிப்பானோடு ஓரளவு ஒத்துப்போகும். மீட்ட கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். டெய்சி புத்தகங்களை இப்படி மீட்டுப் பயனில்லை, கோப்புப் பெயர் மாறினால் ஸ்மில் கோப்புகளுக்கு ஒலி எங்கே என்று தெரியாது. குரல் குறிப்புகளுக்கு இது உயிர் காக்கும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக: பழைய கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும், ரௌட்டர் 5-இல் மட்டும் இருந்தால் வலைப்பெயரே கண்ணில் படாது. விடுதிகளில் உள்ளது போல முதலில் ஒரு இணையப் பக்கம் திறந்து அனுமதி வாங்க வேண்டிய வைஃபையில் இவை ஒன்றும் செய்ய முடியாது, பிரவுசர் இல்லை. நேற்றுவரை வந்த பாட்காஸ்ட் திடீரென்று வரவில்லை என்றால் கருவியின் தேதி சரியா என்று பாருங்கள், மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகள் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன, அவற்றை மட்டும் அறிந்த கருவியோடு பல சர்வர்கள் பேசாது.

பேட்டரியைப் பொறுத்தவரை, மூடியைத் தடவும்போது சமதளமாக இருக்க வேண்டும். நடுவில் புடைத்திருந்தால் அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். நாமே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ள கருவியையே நான் விரும்புவேன், பேட்டரி தளர்வது எந்தக் கருவிக்கும் நிச்சயம், அதற்காக முழுக் கருவியையும் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் கேட்டால், வாசிப்புக்கும் பொத்தான்களுக்கும் ஐந்துக்கு ஐந்து, உறுதிக்கு நான்கு, பழுதை வெளியே சொல்லும் திறனுக்கு இரண்டு, பேக்கப்புக்கு இரண்டரை. மறுபடி ஒன்று வாங்க வேண்டி வந்தாலும் இந்த வகையைத்தான் வாங்குவேன், ஆனால் தமிழ்க் குரல், புக்மார்க் ஏற்றுமதி, கழற்றும் பேட்டரி இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. சர்வீசுக்கு அனுப்பும் நிலை வந்தால் கார்டை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் கருவியை மட்டும் அனுப்புங்கள். என்ன கோளாறு, எந்தெந்தச் சோதனை செய்தீர்கள், கார்டு இல்லாமலும் அப்படித்தானா என்பதை ஒரு தாளில் அச்சிட்டுக் கூடவே வையுங்கள், உள் நினைவகத்தை அழிப்பதற்கு முன்னால் போன் செய்யச் சொல்லியும் அதில் எழுதுங்கள்.